நீசேயா முதல் கால்செதோன் வரை: ‘ஒரே பொருள்’, ‘ஒரே தன்மை’ – கலப்பு வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: கூடலூர் மறைக்கல்வி

அனைவருக்கும் வணக்கம். கூடலூரில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., மலங்கரை ஆர்த்தடாக்ஸ் ஆகிய மூன்று சபைப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து நான்கு ஞாயிறு மாலை வகுப்பு நடக்கப்போகிறது. வகுப்புக்கு 50 நிமிடம். சுமார் 25 பேர், பிளஸ் டூ முதல் கல்லூரி வரை. முதல் நான்கு பொதுச்சங்கங்களும் (ஆயர்கள் கூடி விசுவாசத்தை வரையறுத்த நீசேயா 325, கான்ஸ்டாண்டிநோபிள் 381, எபேசு 431, கால்செதோன் 451) கிறிஸ்து யார் என்ற வாதமும்தான் பாடம். மூன்று இடங்களில் தெளிவு வேண்டும்.

விசுவாசப் பிரமாணத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்கிறார்கள். சி.எஸ்.ஐ. பிள்ளைகள் ‘ஒரே தன்மை’ என்கிறார்கள். கரும்பலகையில் எதை எழுதுவது?

அடுத்தது, கால்செதோனை ஏற்காதவர்களை ‘ஒரே சுபாவத் தப்பறைக்காரர்’ என்று கையிலிருக்கும் பழைய கையேடு எழுதுகிறது. அந்தச் சங்கத்தை ஏற்காத ஆர்த்தடாக்ஸ் சபைப் பிள்ளைகளும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரியை வாசிக்க மனம் வரவில்லை. ஆனால் மழுப்பவும் கூடாது.

கடைசியாக, மலைப் பிள்ளைகளுக்குப் பிடிபடும் உவமை ஏதாவது உண்டா? டீயும் பாலும் சொல்லலாமா?

பதில்: குன்னூர் மொழியாளர்

முதல் கேள்விக்கு விடை தமிழில் கிடைக்காது, கிரேக்கத்தில்தான் கிடைக்கும். கி.பி. 325-இல் நீசேயாவில் போட்ட சொல் ஹோமோஊசியோஸ். ஹோமோ என்றால் ‘அதே’, ஊசியா என்றால் ஒன்று எதுவாக இருக்கிறதோ அது, அதாவது உள்பொருள். அந்த வகையில் ‘பொருள்’ நெருக்கமானது. ‘தன்மை’ என்பதும் தப்பில்லை. ஆனால் நான்காவது வாரம் அது உங்கள் காலை வாரிவிடும். கால்செதோனில் பூசிஸ் என்ற வேறொரு சொல் வரும். அதையும் ‘தன்மை’ என்று எழுதினால், ‘பிதாவோடு ஒரே தன்மை’ என்று முதல் வாரமும் ‘கிறிஸ்துவில் இரண்டு தன்மை’ என்று நான்காம் வாரமும் சொல்ல வேண்டிவரும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து, “அப்போ பிதாவுக்கும் ரெண்டா?” என்று கேட்கும். நியாயமான கேள்விதான்.

எனவே முதல் நாளே மூன்று சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசியாவுக்குப் பொருள். பூசிஸுக்குச் சுபாவம். ஹிபோஸ்தாசிஸுக்கு ஆள். நான்கு வாரமும் மாற்றாதீர்கள். வீட்டில் வேறு சொல் சொன்னால் அது இதில் எதைக் குறிக்கிறது என்று பிள்ளைகளே பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஆர்த்தடாக்ஸ் பிள்ளைகள் மலையாளத்தில் ‘சாராம்சம்’ என்பார்கள். அது ஊசியா.

இந்த மூன்று சொல்லிலும் ஓட்டை உண்டு. ‘சுபாவம்’ என்றதும் “அவன் சுபாவமே அப்படித்தான்” என்ற பேச்சு காதில் விழும். இங்கே குணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. மனிதனை மனிதனாக்குவது எது, கடவுளைக் கடவுளாக்குவது எது என்பதுதான் பேச்சு. ‘ஆள்’ இன்னும் மோசம். எஸ்டேட் பிள்ளைகளுக்கு அது பெரட்டில் (வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்கும் இடத்தில்) எண்ணும் ஆள். ‘மூன்று ஆள்’ என்றால் மூன்று பேர் தனித்தனியாக வந்து நிற்கிறார்கள் என்றுதான் தோன்றும். இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் வந்ததல்ல. பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருக்கும் மனித சுபாவம் ஒன்று, அவர்களை மூன்று மனிதர் என்கிறோம், அப்படியானால் கடவுளும் மூவர்தானே என்ற கேள்விக்கு நீசா நகர கிரகோரியார் தனியாக ஒரு சிறுநூலே எழுத வேண்டிவந்தது.

கிரேக்கர்களே இந்தச் சொற்களைப் பிரித்து வைத்திருக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். 325-இன் பிரமாணத்தின் இறுதியில் ஒரு சாபப் பகுதி உண்டு. மகன் ‘வேறொரு ஹிபோஸ்தாசிஸிலிருந்தோ ஊசியாவிலிருந்தோ’ வந்தவர் என்போரை அது விலக்குகிறது. அங்கே இரண்டும் ஒரே அர்த்தம். அரை நூற்றாண்டு கழித்துத்தான் ஊசியா ஒன்று, ஹிபோஸ்தாசிஸ் மூன்று என்ற பங்கீடு நிலைத்தது. இடைப்பட்ட காலத்தில் ‘மூன்று ஹிபோஸ்தாசிஸ்’ என்றவர் மற்றவர் காதுக்கு மூன்று கடவுள்காரர். ‘ஒன்று’ என்றவரோ பிதாவும் மகனும் ஒரே ஆள் என்கிறார் என்று பட்டது. 362-இல் அலெக்சாந்திரியாவில் அந்நகர ஆயர் அத்தனாசியுஸ் இரு தரப்பையும் அழைத்து, “நீங்கள் எந்த அர்த்தத்தில் சொல்கிறீர்கள்?” என்று விசாரித்தார். இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று தெரிந்தது. என் கணக்கில் அந்த வரலாற்றிலேயே மிகப் புத்திசாலித்தனமான நாள் அதுதான். பாடநூல்கள் அதை ஒரு வரியில் தாண்டிப்போகின்றன.

ஹோமோஊசியோஸ் மீது ஆயர்கள் பலருக்கு ஏன் தயக்கம் என்பதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அது விவிலியச் சொல் அல்ல. 268-இல் அந்தியோக்கியாவில் சமோசாத்தா பவுலைக் கண்டித்தபோது அதே சொல்லை ஆயர்கள் நிராகரித்திருந்தார்கள். பிதாவும் மகனும் ஒருவரே என்ற சபெல்லியுஸ் வாடையும் அதில் அடித்தது. தயங்கியவர் எல்லாரும் மகன் படைக்கப்பட்டவர் என்று சொன்ன அலெக்சாந்திரியா குரு ஆரியுஸின் ஆள் என்று நினைத்தால் 325-க்குப் பிறகு நடந்த எதுவுமே புரியாது.

எழுத்தில் ஒரு எச்சரிக்கை: ‘ஆரியவாதம்’, ‘ஆரியர்கள்’ என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பாடம் இருக்கிறது, வகுப்பு அங்கே போய்விடும். ‘ஆரியுஸ் கொள்கை’ போதும்.

பதில்: கோத்தகிரி வேதபாட வகுப்பு

சொற்களைப் பற்றி மேலே சொன்னது சரி. வகுப்பை நடத்தும் விதத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆரியுஸை வில்லனாக்கித் தொடங்கினால் முதல் வாரம் அங்கேயே முடிந்தது. அவர் கையில் வசனங்கள் இருந்தன. பிள்ளைகளிடம் நீதிமொழிகள் 8:22-ஐ எடுக்கச் சொல்லுங்கள். சி.எஸ்.ஐ. பிள்ளை கையிலுள்ள பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் ஞானத்தைக் ‘கொண்டிருந்தார்’ என்று இருக்கும். கத்தோலிக்கப் பிள்ளையின் திருவிவிலியத்தில் ‘படைத்தார்’ என்று இருக்கும். எபிரெயச் சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது. அலெக்சாந்திரியாவில் புழங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘படைத்தார்’தான். அந்த ஞானம் கிறிஸ்துவே என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. அப்படியானால் அவர் படைக்கப்பட்டவர்தானே என்றார் ஆரியுஸ். கூடவே யோவான் 14:28, கொலோசெயர் 1:15 இரண்டையும் வாசித்துவிட்டு, “இவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?” என்று 10 நிமிடம் விட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் திணறும்போதுதான் நீசேயாவுக்கு ஏன் ஒரு புதுச் சொல் தேவைப்பட்டது என்று புரியும். அங்கே எந்த வசனத்தைக் காட்டினாலும் ஆரியுஸ் தரப்பும் அதைத் தன் அர்த்தத்தில் ஒத்துக்கொண்டது.

ஆரியுஸின் வாசகத்தை ‘அவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது’ என்று தமிழில் எழுதுவது வழக்கம். அதில் ‘காலம்’ நாம் சேர்த்தது. கிரேக்கத்தில் அந்தச் சொல் இல்லை. ‘அவர் இல்லாதிருந்தது உண்டு’ என்ற அளவுதான். மகன் காலங்களுக்கு முன்பே உண்டாக்கப்பட்டவர் என்று ஆரியுஸும் சொன்னார். உண்டாக்கப்பட்டவர் என்பதை மட்டும் அவர் விடவில்லை.

சில கட்டுக்கதைகளையும் முதல் வாரமே களைந்துவிடுங்கள், யூடியூபில் பார்த்துவிட்டு வருவார்கள். நீசேயாவில் விவிலியப் புத்தகங்களின் பட்டியல் தீர்மானிக்கப்படவில்லை. இயேசு கடவுளா என்று ஓட்டெடுப்பும் நடக்கவில்லை. பிரமாணத்தில் கையெழுத்திட மறுத்துக் கடைசிவரை நின்ற ஆயர்கள் இரண்டே பேர், இருவரும் லிபியாக்காரர்கள்: செக்குந்துஸ், தெயோனாஸ். நிக்கோலாஸ் ஆரியுஸைக் கன்னத்தில் அறைந்த கதை பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால் வந்தது. 318 ஆயர்கள் என்ற எண் ஆபிரகாமின் 318 ஆட்களிலிருந்து (ஆதியாகமம் 14:14) வந்த மரபு எண். அங்கேயே இருந்த செசரேயா யூசேபியுஸ் 250-க்கு மேல் என்கிறார், அத்தனாசியுஸ் சுமார் 300 என்கிறார்.

இரண்டாம் வாரத்துக்கு ஒரே ஒரு வேலை போதும். ஏ4 தாளில் இடப்பக்கம் 325-இன் பிரமாணம், வலப்பக்கம் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளோடு சேர்த்துச் சொல்லப்படுவது. புதிதாக வந்ததைச் சிவப்பிலும் போனதை நீலத்திலும் கோடிடச் சொல்லுங்கள். 325 ‘பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறோம்’ என்பதோடு நின்றுவிடும். சாபப் பகுதிதான் அதற்குப் பிறகு. 381-இல் ஆவியானவரைப் பற்றிய பத்தி முழுவதும் சிவப்பு. அவரைக் கடவுளாக ஏற்காத மக்கெதோனியுஸ் தரப்பு ஆயர்கள் 36 பேர் அந்தச் சங்கத்திலிருந்து எழுந்துபோனார்கள். ‘அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை’ என்பதும் சிவப்பு, அது மகனின் ராஜ்யம் ஒருநாள் முடியும் என்ற அன்சீரா ஆயர் மார்செல்லுஸுக்கு எதிரான வரி. நீலத்தில் முக்கியமானது ‘அதாவது பிதாவின் ஊசியாவிலிருந்து’ என்ற விளக்கம். சாபங்களும் நீலம்.

இங்கே ஒரு பொறி. ‘கடவுளினின்று கடவுளாக’ என்ற வரி 325-இல் உண்டு, 381-இன் கிரேக்கத்தில் இல்லை, லத்தீன் வழிபாட்டு வடிவத்தில் மறுபடி உண்டு. நம் தமிழ் வடிவங்கள் மேற்கத்திய வழியில் வந்தவை, ஆகவே அதில் இருக்கிறது. தாள் தயாரிக்கும்போது ஜெபப் புத்தகத்தைப் பார்த்து 381-ஐத் தட்டச்சு செய்தால் கணக்கு உதைக்கும். கிரேக்கத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பையே எடுங்கள்.

பதில்: சுரியானி வாசகர், பந்தலூர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்தக் கையேட்டு வரி மரியாதைக் குறைவு என்பது இரண்டாம் பட்சம். முதலில் அது தகவல் பிழை.

448-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் விசாரிக்கப்பட்ட துறவி எயுத்திக்கேஸ், “ஒன்றிப்புக்கு முன் இரண்டு சுபாவம், பின் ஒன்று” என்றார். கிறிஸ்து நம்மோடும் ஒரே பொருளானவர் என்று சொல்லத் தயங்கினார். அந்த எயுத்திக்கேஸை ஆர்த்தடாக்ஸ் சபையும் விலக்கியிருக்கிறது. ‘மோனோபிசைட்’ (ஒரே சுபாவக்காரர்) என்பது அவருக்குத்தான் பொருந்தும். மலங்கரை ஆர்த்தடாக்ஸ் உள்ளிட்ட கீழைச் சபைகள் பிடித்திருப்பது அலெக்சாந்திரியா ஆயர் சிரிலின் வாசகம்: ‘மாம்சமான கடவுள் வார்த்தையின் ஒரே பூசிஸ்’. இங்கே ஒரே என்பதற்குக் கிரேக்கம் மியா. ஆகவே ‘மியாபிசைட்’ என்ற பெயரை ஏற்பார்கள். சிரில் அதை அத்தனாசியுஸின் வாசகம் என்று நம்பி எடுத்தார். உண்மையில் அது அப்பொல்லினாரிஸின் எழுத்து, அத்தனாசியுஸ் பெயரில் சுற்றிக்கொண்டிருந்தது. கிறிஸ்துவுக்கு மனித மனம் இல்லை, அந்த இடத்தில் வார்த்தையே இருந்தார் என்று சொன்னதற்காக 381-இல் கண்டிக்கப்பட்டவர்தான் இந்த அப்பொல்லினாரிஸ். வரலாறு இப்படியும் விளையாடும்.

ஆனால் சிரில் அந்தச் சொற்களை அப்பொல்லினாரிஸ் பொருளில் ஆளவில்லை. கிறிஸ்துவுக்கு மனித ஆன்மா உண்டு என்று அவர் தெளிவாகச் சொல்கிறார். பூசிஸ் என்றபோது அவர் மனத்தில் இருந்தது கண்முன் நிற்கும் உயிருள்ள ஒருவர். ரோம் ஆயர் லியோவும் அந்தியோக்கியாக்காரர்களும் நேச்சர் என்ற பொருளில் எடுத்தார்கள், அதாவது ஒன்றுக்குரிய இயல்புகளின் தொகுதி. லியோவின் அர்த்தத்தில் எண்ணினால் இரண்டு, சிரிலின் அர்த்தத்தில் எண்ணினால் ஒன்று. மேலே 362-க்குச் சொன்ன கதையேதான். ஒரு வித்தியாசம், 451-இல் அத்தனாசியுஸைப் போல உட்கார்ந்து கேட்க யாரும் இல்லை.

கால்செதோன் 451 அக்டோபர் 8-இல் தொடங்கியது. அறிக்கையின் முதல் வரைவில் ‘இரண்டு சுபாவங்களிலிருந்து’ என்று இருந்தது. பெரும்பாலான ஆயர்களுக்கு அதில் திருப்திதான். ரோமைத் தூதர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்றார்கள். அரசு அதிகாரிகள், “லியோ பக்கமா, (அலெக்சாந்திரியா ஆயர்) தியோஸ்கோருஸ் பக்கமா?” என்று நேராகக் கேட்டார்கள். கடைசியில் ‘இரண்டு சுபாவங்களில்’ என்று மாறியது. தமிழில் ‘இலிருந்து’, ‘இல்’ என்ற இரண்டு வேற்றுமை உருபுதான் வித்தியாசம். முன்னதைச் சொன்னால் ஒன்றிப்புக்குப் பின் இரண்டு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பின்னதைச் சொன்னால் உண்டு. எகிப்தும் சிரியாவும் பிரிந்தது அந்த உருபில்தான். தியோஸ்கோருஸ் பதவி இறக்கப்பட்டது விசுவாசக் காரணத்துக்காக அல்ல, லியோவை விலக்கியதாலும் மூன்று முறை அழைத்தும் வராததாலும்தான் என்று கான்ஸ்டாண்டிநோபிள் ஆயர் அனத்தோலியுஸே அதே சங்கத்தில் சொன்னார். இதை உங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டும்.

மறுபக்கமும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்துவை இரண்டாகப் பிரிக்கிறார் என்று எபேசுவில் நீக்கப்பட்ட கான்ஸ்டாண்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸை கால்செதோன் தூக்கிப்பிடித்தது என்று எங்கள் ஆர்த்தடாக்ஸ் பக்கம் ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பார்கள். அறிக்கை அவரை நிராகரிக்கிறது, மரியாவை தெயோதோக்கோஸ் (கடவுளைப் பெற்றவர்) என்கிறது, ‘ஒரே ஹிபோஸ்தாசிஸ்’ என்கிறது. ‘கலக்காமல், மாறாமல், பிரியாமல், விலகாமல்’ என்ற நான்கு சொல்லில் முதல் இரண்டு எயுத்திக்கேஸுக்கு எதிராக, பின் இரண்டு நெஸ்தோரியுஸுக்கு எதிராக.

வகுப்பை 451-இல் நிறுத்தாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் கிறிஸ்துவைப் பற்றிய கோட்பாட்டு உடன்பாடு ஒன்றை 1990 ஜூன் 3-இல் வெளியிட்டன. சின்ன அறிக்கைதான். உரக்க வாசித்தாலே அந்தக் கையேட்டு வரிக்குப் பதில் கிடைத்துவிடும். 1984-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் சிரியாக் ஆர்த்தடாக்ஸ் சபையின் அந்தியோக்கியா மறைமுதுவர் சக்கா முதலாமவரும் சேர்ந்து வெளியிட்ட பிரகடனமும் இருக்கிறது.

பதில்: குன்னூர் மொழியாளர்

மூன்றாவது கேள்வி விட்டுப்போனது. டீயும் பாலும் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் தப்பைக் காட்டுவதற்கு. டீயில் பாலை ஊற்றினால் இரண்டும் போய் மூன்றாவதாக ஒன்று வருகிறது. அது டீயும் அல்ல, பாலும் அல்ல. எயுத்திக்கேஸ் மீது வைத்த குற்றச்சாட்டு இதுதான். அந்தியோக்கியா தரப்பு ஆயர் தியோதோரெத் 447 வாக்கில் எழுதிய உரையாடலில் கடலில் விழுந்த தேன்துளி என்ற உவமை வருகிறது, துளி கரைந்து காணாமல் போகும். இன்னொரு தம்ளரில் தண்ணீரும் நீலகிரித் தைலமும் ஊற்றிக் காட்டுங்கள். ஒரே தம்ளர், ஆனால் தைலம் மேலே, தண்ணீர் கீழே. நெஸ்தோரியுஸ் இப்படிச் சொல்கிறார் என்றுதான் சிரில் குற்றம் சாட்டினார். ‘குற்றம் சாட்டினார்’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள். எகிப்தில் நாடுகடத்தப்பட்டிருந்த நெஸ்தோரியுஸ் எழுதிய நூல் சிரியாக் மொழியில் கிடைத்து 1910-இல் அச்சானது. அதில் லியோவின் நிலையை அவர் ஆதரிக்கிறார்.

சரியான உவமை என்று ஒன்று கிடையாது. சிரில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சொன்னார். இரும்பு இரும்பாகவே, நெருப்பு நெருப்பாகவே, ஆனாலும் தொட்டால் சுடுவது ஒன்றுதான். அதுவும் ஓரளவுக்குத்தான். நீசேயாவுக்கு ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கு ஏற்றிக் காட்டுவது பலருக்கும் பிடிக்கும், ஆனால் பிறகு இரண்டு விளக்கு தனித்தனியாக நிற்கும். ஆரியுஸே அந்த உவமையைப் பேர் சொல்லித் தள்ளியிருக்கிறார். சூரியனும் கதிரும் மேல். கதிர் இல்லாத சூரியன் ஒருபோதும் இல்லை, ஆரியுஸின் ‘இல்லாதிருந்தது உண்டு’ என்பதற்கு நேர் பதில் அது.

மூன்றாம் வாரம் எபேசு. அங்கே சி.எஸ்.ஐ. பிள்ளைகள் ‘தேவமாதா’ என்றதும் நெளிவார்கள். தெயோதோக்கோஸ் மரியாவுக்குச் சூட்டிய மகுடம் என்று தொடங்கினால் வகுப்பு இரண்டாகும். அவர் பெற்றெடுத்தது யாரை என்பதே கேள்வி. பிறந்தவர் ஒருவர், அவர் கடவுள், ஆகவே பெற்றவர் கடவுளைப் பெற்றவர். வாதம் முழுக்க மகனைப் பற்றியது.

எபேசுவின் நடைமுறையை மறைக்காதீர்கள். 431 ஜூன் 22-இல் அந்தியோக்கியா ஆயர் யோவானுக்குக் காத்திராமல் சிரில் சங்கத்தைத் திறந்தார், நெஸ்தோரியுஸ் அன்றே நீக்கப்பட்டார். நான்கு நாள் கழித்து வந்த யோவான் தனிச் சங்கம் கூட்டிச் சிரிலை நீக்கினார். இரண்டு வருடம் இழுத்து 433-இல் இருவரும் ஒரு வாசகத்தில் ஒன்றுபட்டார்கள்: ‘தெய்வீகத்தில் பிதாவோடும், மனிதத்தில் நம்மோடும் ஹோமோஊசியோஸ்’. கால்செதோன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 433-ஐ விட்டுவிட்டு 431-இலிருந்து 451-க்குத் தாவினால் அந்த வாசகம் எங்கிருந்து குதித்தது என்று தெரியாது.

மறுகேள்வி: கூடலூர் மறைக்கல்வி

மிக்க நன்றி. தம்ளர் இரண்டும் தாளும் தயார் செய்கிறேன். ஒன்று மட்டும். கடைசி நாள் எல்லாரும் சேர்ந்து பிரமாணத்தைச் சொல்லி முடிக்கலாம் என்று எண்ணம். முட்டுமா?

பதில்: சுரியானி வாசகர், பந்தலூர்

ஆவியானவர் வரியில் முட்டும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ‘தந்தையிடமிருந்தும் மகனிடமிருந்தும்’ என்பார்கள், சி.எஸ்.ஐ. பிள்ளைகளும் அப்படியே. ஆர்த்தடாக்ஸ் பிள்ளைகள் ‘பிதாவிடமிருந்து’ என்று நிறுத்துவார்கள், குரல் அங்கே உடையும். 381-இன் மூலத்தில் ‘மகனிடமிருந்தும்’ இல்லை, மேற்கில் பிறகு சேர்ந்தது. எனவே இரண்டாம் வாரத் தாளில் உள்ள 381 வடிவத்தையே சொல்லச் சொல்லுங்கள். கத்தோலிக்கத் தரப்பிலும் கிரேக்க மொழி வழிபாட்டில் அந்தச் சேர்க்கை இல்லை, ஆகவே யாரும் எதையும் விட்டுக்கொடுத்ததாகாது. பங்குக் குருவிடமும் ஆயரிடமும் மட்டும் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மூலம் ‘விசுவாசிக்கிறோம்’ என்று பன்மையில் இருக்கிறது, தாளில் ‘விசுவாசிக்கிறேன்’ என்று விழுந்திருந்தால் அச்சுக்கு முன் மாற்றுங்கள்.